லியான் ஃப்ளைஷர்: கை நின்றபின் முப்பது ஆண்டுகள்

அமெரிக்கப் பியானோ கலைஞர் லியான் ஃப்ளைஷரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள்: வலது கை போனது, போடாக்ஸ் ஊசியால் திரும்பி வந்தது. நடுவில் கிடக்கும் முப்பது ஆண்டுகளை இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அந்த நடுப்பகுதிதான் முக்கியம்.

முன்கதை சுருக்கமாக. 1928இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தவர். சிறுவனாகவே இத்தாலிக்குப் போய், கோமோ ஏரிக்கரையில் பியானோ மேதை ஆர்தர் ஷ்னாபெலிடம் சேர்ந்தார். பீத்தோவனின் மாணவர் செர்னி, செர்னியிடம் லெஷெடிட்ஸ்கி, லெஷெடிட்ஸ்கியிடம் ஷ்னாபெல் என்று வரும் குரு பரம்பரை அது. விரலை வைப்பதற்கு முன்பே அந்த ஒலி மனத்துக்குள் கேட்டிருக்க வேண்டும் என்பது அங்கே அடிப்படைப் பாடம். 1944இல், 16 வயதில், பியர் மான்ட்யூ நடத்த, நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவுடன் பிராம்ஸின் முதல் பியானோ கான்செர்ட்டோவை (தனி வாத்தியமும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) வாசித்தார். 1952இல் பிரஸ்ஸல்ஸில் ராணி எலிசபெத் பியானோ போட்டியில் முதல் பரிசு. பிறகு ஜார்ஜ் ஸெல்லின் க்ளீவ்லாண்ட் ஆர்க்கெஸ்ட்ராவுடன் பீத்தோவன், பிராம்ஸ் கான்செர்ட்டோ பதிவுகள்.

1964இல் வலது கையின் நான்காம், ஐந்தாம் விரல்கள் தாமாகவே உள்ளே சுருளத் தொடங்கின. ஃபோகல் டிஸ்டோனியா என்ற பெயர் தெரியவரப் பல ஆண்டுகள் பிடித்தன. கோளாறு விரலில் இல்லை, மூளையில். ஒரே நுண்ணிய அசைவை ஓயாமல் செய்யும்போது, ஒவ்வொரு விரலுக்கும் மூளையில் தனியாக இருக்கும் இடம் அடுத்ததோடு கலந்துபோகிறது. மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இழுக்கின்றன. பியானோவில் உட்கார்ந்தால் சுருளும் விரல் வேறு வேலைகளில் ஒழுங்காக இருக்கவும் கூடும். அவர் செய்தது எல்லாக் கலைஞர்களும் செய்வதைத்தான்: கூடுதல் சாதகம். இந்தக் கோளாறுக்கு அதைவிடக் கெட்ட மருந்து கிடையாது. தப்பான அசைவே இன்னும் ஆழமாகப் பதியும்.

இடது கைக்கென்று நல்ல இசை இருந்தது அதிர்ஷ்டம். முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைன், தத்துவவாதி லுட்விக் விட்கென்ஸ்டைனின் அண்ணன், இசையமைப்பாளர்கள் ராவெல், ப்ரோகோஃபியேவ், பெஞ்சமின் பிரிட்டன் ஆகியோருக்குப் பணம் கொடுத்து எழுதவைத்தவை. இடது கையில் கட்டைவிரல் மேல்ஸ்தாயிப் பக்கம் அமைகிறது. இரண்டு கையாலும் வாசிக்கும்போது பெரும்பாலும் மெலடியைச் சுமப்பது வலது கையின் பலவீனமான சுண்டுவிரல். இங்கே அந்த வேலை பலசாலிக்குப் போகிறது. சிக்கல் பெடலில், அதாவது ஒலியை நீடிக்கவைக்கும் கால் மிதியில். கீழ்ஸ்தாயி ஸ்வரத்தை அடித்து, பெடலில் பிடித்து, கை மேலே தாவ வேண்டும். பெடலை முழுக்க விட்டால் அடித்தளம் அறுந்துபோகும், விடாமலே இருந்தால் எல்லாம் குழம்பும். பாதி விட்டுப் பிடிப்பதில்தான் ராவெல் கான்செர்ட்டோ நிற்கிறது.

ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர் வேலை இதே காலத்தில் வந்தது. 1970இல் அன்னாபொலிஸ் சிம்பனி, 1973இல் பால்டிமோர் சிம்பனியில் துணை நடத்துநர். பியானோக்காரர்கள் கோலை எடுக்கும்போது வழுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: சாவியை அழுத்தினால் பியானோ உடனே ஒலிக்கும், ஆர்க்கெஸ்ட்ரா கொஞ்சம் தாமதித்து ஒலிக்கும். ஒலி வரட்டும் என்று கை காத்திருந்தால் அடுத்த தட்டும் பிந்தும், வேகம் இறங்கிக்கொண்டே போகும். முதல் தட்டுக்கு முன்னால் கை மேலே எழும் அந்த அசைவிலேயே வேகம், அழுத்தம், குணம் மூன்றும் இருந்தாக வேண்டும். ஷ்னாபெலின் பாடமே இன்னொரு வடிவில்.

1959 முதல் பால்டிமோரின் பீபடி இசைக் கல்லூரியில் கற்பித்துவந்தார். கை நின்றதும் ‘இப்படி’ என்று வாசித்துக் காட்டும் வசதி போய்விட்டது. எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டியதாயிற்று. மாணவர் காப்பியடிக்க எதுவும் இல்லை, யோசித்தே தீர வேண்டும். ஆசிரியராக அவரை உயர்த்தியது இதுதான் என்று நினைக்கிறேன். ஆந்த்ரே வாட்ஸ், யெஃபிம் ப்ரான்ஃப்மன், ஜோனதன் பிஸ் எல்லாரும் அவரிடம் படித்தவர்கள்.

1982இல் பால்டிமோரின் புதிய மேயர்ஹாஃப் அரங்கத் திறப்பில் இரண்டு கைகளாலும் இசையமைப்பாளர் ஃப்ராங்கின் ‘சிம்பொனிக் வேரியேஷன்ஸ்’ வாசித்தார். கைதட்டல் பலமாக இருந்தது, கை மட்டும் சரியாகவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மறுபடி இடது கைக்கே போனார்.

1990களின் நடுவில் போடாக்ஸும், ரோல்ஃபிங் என்னும் ஆழ்தசை அழுத்தச் சிகிச்சையும் சேர்ந்து உதவின. போடாக்ஸ் நோயைத் தீர்ப்பதில்லை. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைக் குறைக்கிறது, சில மாதங்களில் அதன் பலன் போய்விடும். அளவு கூடினால் விரலுக்குச் சாவியை அழுத்தும் பலம் இருக்காது, குறைந்தால் சுருட்டல் அப்படியே இருக்கும். 2020இல், 92 வயதில், அவர் இறக்கும்வரை டிஸ்டோனியா கூடவே இருந்தது.

புதிதாகக் கேட்பவர்கள் 2004இல் வந்த ‘டூ ஹேண்ட்ஸ்’ இசைத்தட்டிலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் ஸெல்லுடன் செய்த பிராம்ஸ் முதல் கான்செர்ட்டோ, அடுத்து நடத்துநர் செய்ஜி ஒஸாவாவும் பாஸ்டன் சிம்பனியும் சேர்ந்த ராவெல் இடது கை கான்செர்ட்டோ. அதற்கப்புறம் 2004 தட்டில் ஷூபர்ட்டின் பி ஃப்ளாட் சொனாட்டா: எட்டாவது பாரில் (தாளப் பகுதியில்), அடியில், இடது கையில் வரும் ட்ரில்லை, அதாவது பக்கத்துப் பக்கத்து இரண்டு ஸ்வரங்கள் வேகமாக மாறி மாறி ஒலிப்பதை, கவனியுங்கள்.