ஸ்லாஷ் டிரக்குக்கு ஒரு துணி உறை

ட்ராக்ஸஸ் ஸ்லாஷ் என்ற ரிமோட் கண்ட்ரோல் டிரக் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதன் சேசிஸுக்கு (அடிச்சட்டத்துக்கு) ஒரு துணி உறை மாட்டுங்கள். 2008இல் வந்த இந்த 1/10 அளவு டிரக்கின் சேசிஸ் ஒரு தொட்டி மாதிரி. சக்கரம் வாரி இறைக்கும் மணல் உள்ளே விழுந்தால் அங்கேயே தங்கிவிடும். மோட்டாரில் உள்ள சிறு பல்சக்கரமான பினியனுக்கும் அது சுழற்றும் பெரிய ஸ்பர் கியருக்கும் நடுவே ஒரு பொடிக்கல் சிக்கினால் போதும், பிளாஸ்டிக் பற்கள் சிதைந்துவிடும்.

நேற்று ஓட்டி முடித்து உறையைக் கழற்றினேன். மேலே திட்டுத்திட்டாக மண். உள்ளே, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் இருக்கும் பெட்டி புதிதுபோல இருந்தது. அவ்வளவு மகிழ்ச்சி!

உறையைப் பிடித்துவைக்கும் வெல்க்ரோவை ஒட்டுமுன் சேசிஸ் விளிம்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் பிடிக்காது. துணி தளர்ந்து தொங்கினால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் அதைச் சுருட்டி இழுத்துக்கொள்ளும். காற்றோட்டம் குறைவதால் மோட்டாரின் சூட்டை அடிக்கடி பாருங்கள். தூசிக்குத்தான் இந்த உறை. குட்டையில் இறக்கினால் தண்ணீர் புகும்.