மீரியபெத்தைக்குப் போன வாரம்

2024 அக்டோபர் 20, ஞாயிறு

ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். போதகர் ஐயர் வந்து தோளில் கை வைத்தார். "வர்ற ஞாயிறு நான் மத்த சபைக்குப் போகணும் சேர். பிரசங்கம் நீங்கதான்." தலையாட்டிவிட்டேன். பண்டாரவளையில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தேதி உறைத்தது. அடுத்த ஞாயிறு 27. அதற்கு இரண்டு நாள் கழித்து, இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தைக்கு மேலே இருக்கும் மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்து பத்து வருடம்.

2014ல் அது ஒரு புதன்கிழமை. தீபாவளி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. காலை ஏழரை மணியளவில், தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள், அந்த வரிசை வீடுகள், மண்ணுக்குள் போய்விட்டன. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடமே தெரியவில்லை. எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்ற கணக்குகூட இன்றுவரை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

நானும் பைபிளை எடுத்துக்கொண்டு, தப்பியவர்கள் தங்கியிருந்த முகாமுக்குப் போனேன். கணவரையும் மகளையும் பறிகொடுத்த ஓர் அக்கா பாயில் உட்கார்ந்திருந்தார். "எல்லாத்துக்கும் ஆண்டவர்கிட்ட ஒரு நோக்கம் இருக்குக்கா" என்றேன். அவர் பதில் பேசவில்லை. எழுந்துபோய் எனக்கு ஒரு பிளேன்டி, பால் விடாத தேநீர், வாங்கிவந்து கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு, ஊழியம் செய்த திருப்தியோடு வீடு திரும்பினேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

பைபிளில் யோபு புத்தகத்தை முதலிலிருந்து படிக்கிறேன். பிள்ளைகளையும் சொத்தையும் ஒரே நாளில் இழந்தவன் யோபு. ஆறுதல் சொல்ல மூன்று நண்பர்கள் வருகிறார்கள். அந்த மூன்று நண்பர்களையும் இத்தனை காலம் திட்டியே பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் அவர்கள் வந்தவுடன் ஏழு நாள், இரவும் பகலும், ஒரு வார்த்தை பேசாமல் யோபுவோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை அவர்கள் நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. நான் முகாமில் ஏழு நிமிடம்கூடப் பொறுக்கவில்லை.

இன்னொன்று. பரலோகத்தில் சாத்தானுக்கும் கர்த்தருக்கும் நடந்த பேச்சு வாசிக்கிற நமக்குத் தெரியும். யோபுவுக்குக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. "நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?" என்று கேள்விமேல் கேள்விதான் வருகிறது. ஆனாலும் நியாயமாய்ப் பேசினவன் யோபு என்று கர்த்தர் சொல்கிறார். கடவுளுக்காக வக்காலத்து வாங்கின நண்பர்கள்மேல்தான் கோபம்.

அக்டோபர் 23, புதன்

பின்னேரம் இடி, மழை. கரண்ட் இல்லை. பிரசங்கத்துக்கு எழுதிய இரண்டு பக்கத்தையும் மெழுகுதிரி வெளிச்சத்தில் வாசித்தால் மூடுபனி உதாரணம் மூன்று இடத்தில் வருகிறது. மலையகத்தில் மூடுபனியை விட்டுவிட்டு எவர்தான் பிரசங்கம் செய்திருக்கிறார்! கிழித்துப் போட்டேன்.

அக்டோபர் 24, வியாழன்

தங்கச்சி மகன் வந்திருந்தான். கொழும்பில் வேலை, வாயும் கொஞ்சம் நீளம். "மாமா, அந்த மலை சரியும்னு 2005லயும் 2011லயும் எச்சரிக்கை குடுத்திருக்காங்க. அப்புறமும் சனங்க அதே லயத்துலதான் இருந்தாங்க. இதையும் தேவ ரகசியம்னு சொல்லப் போறீங்களா?"

சுருக்கென்றது. இரவு பைபிளில் உபாகமம் 29ஆம் அதிகாரத்தை எடுத்தேன். மறைவானவைகள் கர்த்தருக்கு உரியவை, வெளிப்படுத்தப்பட்டவைகள் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் உரியவை என்கிறது கடைசி வசனம். முதல் பாதியை மட்டும் எத்தனை சாவு வீட்டில் சொல்லியிருப்பேன்! எச்சரிக்கை இருந்தும் வேறு இடத்தில் வீடு கட்டிக் கொடுக்காதது மறைவான காரியம் இல்லை. அது மனிதர் கணக்கு. அதைக் கடவுள் பேரில் எழுதிவிட்டு, பணிவு என்று சொல்லிக்கொள்வது பெரிய புரட்டு.

சரி, அந்தக் கணக்கைத் தீர்த்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. ஏன் அந்த வீடு, ஏன் இந்தப் பிள்ளை? சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரைப் பற்றி இயேசுவும் காரணம் சொல்லவில்லை. அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் இல்லை என்று சொல்கிறார்.

அக்டோபர் 26, சனி

அக்காவைப் பார்க்கப் போனேன். கைக்காசுக்குத் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாங்க சேர். அந்த நோக்கத்தக் கண்டுபிடிச்சிட்டீங்களா?"

பத்து வருடம் மறக்காமல் வைத்திருந்திருக்கிறார். "இல்லக்கா" என்றேன். அதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

"நானும் இல்ல." கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னார், மேலே ஒழுகுமாம். பிளேன்டி வந்தது, இந்த முறை கருப்பட்டித் துண்டோடு.

இன்னும் கோயிலுக்குப் போகிறீர்களே, கோபம் இல்லையா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இல்லாம? தெனமும் ராவைக்கு ஏன்னுதான் கேக்குறேன். அவரு சொல்லல. ஆனா அவர விட்டா வேற யாருகிட்ட போய்க் கேக்குறது சேர்?" சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

அக்டோபர் 27, ஞாயிறு

131ஆம் சங்கீதம். மொத்தமே மூன்று வசனம். "பெரிய காரியங்களிலும், எனக்கு மிஞ்சின கருமங்களிலும் நான் தலையிடுகிறதில்லை" என்ற முதல் வசனத்திலிருந்து, தாயின் பால் மறந்த குழந்தைக்கு வருகிறது. பால் குடிக்கிற பிள்ளை அல்ல, மறந்த பிள்ளை. கேட்டு, அழுது, அடம்பிடித்து, இனிக் கிடைக்காது என்று தெரிந்த பிறகும் மடியைவிட்டு இறங்காத பிள்ளை. அதைச் சொன்னேன். 2005, 2011 எச்சரிக்கைகளையும் சொன்னேன். பின்வரிசையில் இரண்டு பேர் நெளிந்தார்கள். எட்டே நிமிடம். "சேருக்கு உடம்பு சரியில்லையோ?" என்று ஒரு பாட்டி விசாரித்தார்.

அக்டோபர் 29, செவ்வாய்

அக்காவோடு பெரகலை வழியாகக் கொஸ்லந்தைக்கும், அங்கிருந்து மேலேயும் போனோம். சரிந்த இடமெல்லாம் புல்லும் புதருமாகக் கிடக்கிறது. யாரோ கற்பூரம் ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். அக்கா மெழுகுதிரி ஏற்றினார். காற்றில் இரண்டு முறை அணைந்தது. நான் பழக்கதோஷத்தில் பைக்குள் பைபிளைத் தேடினேன்.

"ஒண்ணும் வாசிக்க வேணாம் சேர். குடையப் பிடிங்க."

திரி அணையாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பும் வழியில் தீபாவளிக்கு மாவும் எண்ணெயும் வாங்க வேண்டும் என்றார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முறுக்குக் கேட்டிருக்கிறார்களாம்.