"இந்தியர் வேண்டாம்": செய்தியாகாத விளம்பரம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில், லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு வெளியேறும் குடும்பம் முதலில் தேடுவது வாடகை வீடு. விளம்பரத்தில் அறை எத்தனை, வைப்புத்தொகை எவ்வளவு என்பதற்குக் கீழே "இந்தியர் வேண்டாம்" என்று ஒரு வரி இருக்கும். இது நாளிதழுக்கு அரிதாகவே போகிறது. யாராவது மேடையில் இந்தியரை இழிவாக "கெலிங்" என்றால் மட்டும் போலீஸ் புகார், கண்டனம், மன்னிப்பு என்று சில நாள் பரபரப்பு.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. பேச்சுக்கு 1948 தேச நிந்தனைச் சட்டமும், 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவும் உண்டு. அதனால் புகார் எண் கிடைக்கும், செய்தியும் கிடைக்கும். வீட்டுக்காரர் கதவைச் சாத்தினால் எந்தப் பிரிவைக் காட்டுவது? அரசமைப்பின் சமத்துவம் பற்றிய 8ஆவது விதி அரசையும் பொது அமைப்புகளையும்தான் கட்டுப்படுத்தும். தனியார் தகராறுக்கு அது நீளாது என்று 2005இல் கூட்டரசு நீதிமன்றம் ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கில் சொல்லிவிட்டது. ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையை ஏற்பதில்லை என்று 2018 நவம்பரில் அரசாங்கம் அறிவித்தபோது ஊடகம் முழுக்க அந்த உடன்படிக்கைக்கு எதிரான பேரணியைப் பற்றியே பேசியது. வாடகை வீடு அதில் காணாமல் போனது. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

ஆகவே ஆதாரத்தை நாமே ஒழுங்காகச் சேர்க்க வேண்டும். விளம்பரத்தை வெட்டாமல், தேதி, கணக்குப் பெயர், இணைப்பு எல்லாம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். போனில் மறுத்தால், வைத்தவுடனே நேரத்தையும் சொன்ன வார்த்தைகளையும் அந்த மொழியிலேயே எழுதுங்கள். தமிழில் மாற்றி எழுதினால் பிறகு "நான் அப்படிச் சொல்லவில்லை" என்பார்கள். வீட்டு முகவர் என்றால் அவருடைய ஆர்.இ.என். (சொத்து முகவர் பணிக்கான) பதிவு எண்ணையும் குறியுங்கள். உறுதிப்படுத்த, அதே நாளில் ஒரே சம்பளம், ஒரே குடும்ப அளவு சொல்லி வேற்றினத்து நண்பர் ஒருவரையும் அழைக்கச் சொல்லுங்கள். இரண்டு நாள் இடைவெளி விட்டால் "வீடு போய்விட்டது" என்ற பதிலை யாராலும் மறுக்க முடியாது. முகநூலில் போடும்போது வீட்டுக்காரரின் தொலைபேசி எண்ணை மறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மிரட்டல் அழைப்புகள் போகும், அப்புறம் அதுதான் செய்தியாகும்.

வேலையிடம் என்றால் நிலைமை கொஞ்சம் மேல். 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தின் 69எஃப் பிரிவில் பாகுபாட்டுப் புகாரைத் தொழிலாளர் இலாகா விசாரிக்கலாம். உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம். ஆனால் அது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறுக்குத்தான். நேர்காணலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவருக்கு அந்தப் பிரிவில் இடமில்லை.