எச்.ஐ.வி. மறதிநோயும் எதிர்ஆக்சிஜனேற்றிகளும்: நாட்குறிப்பு

பிப்ரவரி 3

எச்.ஐ.வி. தொற்றியவர்களின் நினைவும் சிந்தனையும் மங்குவதே எச்.ஐ.வி. மறதிநோய். மூளையில் நிகழும் ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கும் பொருள்கள், அதாவது எதிர்ஆக்சிஜனேற்றிகள், இதற்கு உதவுமா என்று பார்க்கிறேன். எச்.ஐ.வி. நரம்பணுவுக்குள் பெருகுவதில்லை. மூளையில் அது முக்கியமாகத் தங்குமிடம் மைக்ரோக்ளியாவும் ரத்தக்குழாய்களை ஒட்டிய மேக்ரோஃபேஜ்களும்தான்; இரண்டும் நோயெதிர்ப்புச் செல்கள். அவை வெளிவிடும் ஜி.பி.120, டாட் போன்ற வைரஸ் புரதங்கள், நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் குளூட்டமேட்டின் வாங்கிகளை மிகையாகத் தூண்டுகின்றன. நரம்பணுவுக்குள் கால்சியம் பாய, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா திணறி, செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் வடிவமான சூப்பர்ஆக்சைடை உமிழ்கிறது. அது நைட்ரிக் ஆக்சைடோடு சேர்ந்தால் பெராக்சிநைட்ரைட் உருவாகிறது. இது இன்னும் கொடியது.

பிப்ரவரி 5

மூளைக் கொழுப்பு எளிதில் ஆக்சிஜனேற்றமடையும். அப்போது பிறக்கும் 4-ஹைட்ராக்சிநோனெனல் என்ற நச்சுப்பொருள் புரதங்களில் ஒட்டி, குளூட்டமேட்டை அப்புறப்படுத்தும் கடத்திகளையும் முடக்குகிறது. குளூட்டமேட் தேங்க, சேதம் சேதத்தையே வளர்க்கிறது.

பிப்ரவரி 9

பார்கின்சன் நோய்க்குத் தரப்படும் செலிஜிலின் என்ற மருந்தின் கதையை ஊன்றிப் படிக்க வேண்டும். இது மூளையில் டோபமைனைச் சிதைக்கும் எம்.ஏ.ஓ-பி நொதியைத் தடுப்பதால், அந்தச் சிதைவில் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடு உற்பத்தி குறையும் என்பது கணக்கு. 1998-இல் வெளியான ஆய்வில் எச்.ஐ.வி.யால் அறிதிறன் குறைந்த 36 பேர், 10 வாரம். வாரம் மூன்று முறை 2.5 மி.கி. செலிஜிலின் பெற்றவர்களுக்குச் சொல் நினைவாற்றல் சற்றுத் தேறியது. தினம் இருவேளை 600 மி.கி. தயாக்டிக் அமிலம் என்ற எதிர்ஆக்சிஜனேற்றி பலன் தரவில்லை.

அடுத்து செலிஜிலினை 128 பேரிடம் தோலில் ஒட்டும் பட்டையாக 24 வாரம் சோதித்தார்கள். 2007-இல் வெளியான முடிவு: அறிதிறனில் முன்னேற்றமில்லை. மூளைத் தண்டுவடத் திரவத்தில், ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் காட்டும் புரத கார்பனைல் அளவும் குறையவில்லை என்று 2009-இல் தெரிந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இரண்டாவது செய்திதான். ஆக்சிஜனேற்றமே குறையாதபோது, அதைக் குறைத்தால் நோய் தணியுமா என்ற கேள்வி சோதிக்கப்படவே இல்லை.

பிப்ரவரி 10

என்-அசிட்டைல் சிஸ்டைன் என்ற மற்றோர் எதிர்ஆக்சிஜனேற்றி, ரத்தத்திலிருந்து மூளைக்குள் பொருள்கள் நுழைவதைக் கட்டுப்படுத்தும் ரத்த-மூளைத் தடுப்பைச் சரிவரக் கடப்பதில்லை. இன்னொரு சிக்கல்: அறிகுறி தெரியும் நேரத்தில் நரம்பிணைப்புகள் பல ஏற்கெனவே சேதமடைந்திருக்கலாம்.

பிப்ரவரி 14

முதல் மருந்து ஏ.ஆர்.டி.தான், அதாவது எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டுமருந்து. ரத்தத்தில் வைரஸ் அடங்கியும் மறதி கூடினால், பி12, தைராய்டு, சிஃபிலிஸ், மனச்சோர்வு ஆகியவற்றைப் பார்த்த பின் தண்டுவடத் திரவத்திலும் வைரஸ் அளவைச் சோதிக்க வேண்டும். அங்கே மட்டும் வைரஸ் தப்பிப் பெருகுவதுண்டு. அப்போது மருந்தெதிர்ப்புச் சோதனைப்படி கூட்டுமருந்தை மாற்றுவார்கள்.

துணை மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. இரும்பு, கால்சியம், துத்தநாகம் கலந்த வைட்டமின் மாத்திரை, டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். வெறும் வயிற்றில் எடுத்தால், டோலுடெக்ராவிரை அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ விழுங்க வேண்டும்.