மானிட்டர் ஓரத்துல ஒட்டியிருக்கிற சீட்டு

புதுசா வேலைக்கு சேர்ற பசங்ககிட்ட யூஐ டிசைன்னா, அதாவது ஆளுங்க பாத்து தொட்டு வேலை செய்யற ஸ்க்ரீனை அமைக்கறதுன்னா, இன்னாபான்னு கேட்டா கலரு, ஃபான்ட், முனை ரவுண்டா ஒரு பட்டன், இதைத்தான் சொல்லுவாங்க. காலேஜ்ல அப்படித்தான் காட்றாங்க, அவங்கள சொல்லி குத்தமில்ல. நான் வேலை பாக்குறது காட்பாடில ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. வேலூர் லாட்ஜுங்களுக்கு ரூம் பில்லிங், ராணிப்பேட்டை ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிங்களுக்கு புரொடக்ஷன் என்ட்ரி, இதுதான் எங்க பொழப்பு. டிசைனர்னு தனியா ஆள் வைக்கிற அளவுக்கு வசதி கிடையாது, சப்போர்ட்டுக்கு போறவனே ஸ்க்ரீனும் போடணும், அப்படி போய் போய் எனக்கு ஒரு பழக்கம் வந்துடுச்சு, எந்த கவுன்டருக்கு போனாலும் ஸ்க்ரீனை பாக்கறதுக்கு முன்னாடி அதைச் சுத்தி இன்னா சீட்டு ஒட்டி வச்சிருக்காங்கன்னு பாப்பேன்.

காலண்டர் தாளை கிழிச்சு பின்பக்கம் ஸ்கெட்ச் பேனால எழுதி செல்லோ டேப் போட்டு ஒட்டியிருப்பாங்க. பாபு ராவ் தெரு பக்கம் ஒரு லாட்ஜுல பழைய சாஃப்ட்வேரை எடுத்துட்டு எங்களுதை போடச் சொல்லி கூப்ட்டாங்க, அங்க மானிட்டர் மூணு பக்கமும் சீட்டு. "பிரின்ட்டுக்கு எஃப் 8, மவுஸ் வேணாம்." "அட்வான்ஸ் தனியா கழிக்கணும்." "சேவ் ஒரே தடவை!! ரெண்டு தடவை அழுத்தினா ரெண்டு பில்." ஓனர் அதைக் காட்டி "பாருங்க சார், எவ்ளோ சொன்னாலும் இவங்க மண்டைல ஏறல"ன்னாரு. நான் வாயைத் திறக்கல, மொபைல்ல எல்லா சீட்டையும் போட்டோ எடுத்துக்கினேன். புது ஸ்க்ரீன்ல இன்னா இருக்கணும்னு அங்க வேலை செய்யறவங்களே எழுதி ஒட்டி வச்சிருக்காங்க, தனியா ரெக்வயர்மென்ட் மீட்டிங் எதுக்கு.

டான் நார்மன்னு அமெரிக்கால ஒரு சைக்காலஜி புரொஃபசர், மனுசனுக்கும் மெஷினுக்கும் நடுவுல ரெண்டு இடைவெளி இருக்குன்னு 1980கள்ல அவரும் கூட இருந்தவங்களும் எழுதினாங்க. எனக்கு இது வேணும், அதுக்கு எதை அழுத்தணும்னு தெரியல, இது ஒண்ணு. அழுத்திட்டேன், ஆச்சா ஆகலையா தெரியல, இது இன்னொண்ணு. நான் எடுத்த போட்டோவ எல்லாம் ஆபீஸ்ல பரப்பி வச்சுப் பாத்தா முக்காவாசி சீட்டு இந்த ரெண்டுல ஏதோ ஒண்ணுல போய் விழுது. எஃப் 8 சீட்டு முதல் வகை, சேவ் சீட்டு ரெண்டாவது வகை. முதல் வகைய ஒரு வாரத்துல மனப்பாடம் பண்ணிடுவாங்க, சீட்டு வெறுமனே தொங்கும். ரெண்டாவது வகைதான் காசைத் தின்றது.

1979 மார்ச்ல அமெரிக்கால த்ரீ மைல் ஐலண்ட் அணு உலைல நடந்த விபத்தை பசங்களுக்கு நான் கண்டிப்பா சொல்லுவேன். ஒரு வால்வு மூடாம மாட்டிக்கிச்சு, உலையைக் குளிர வைக்கிற தண்ணி அது வழியா வெளிய போய்க்கினே இருந்துச்சு. ஆனா கன்ட்ரோல் ரூம்ல அதுக்கான லைட் அணைஞ்சிருக்கு, ஆபரேட்டருங்க வால்வு மூடிடுச்சுன்னு நினைச்சுட்டாங்க. அந்த லைட்டுக்கு தெரிஞ்சது மூடச் சொல்லி ஆர்டர் போச்சுங்கிறது மட்டும்தான், வால்வு நெசமா மூடுச்சாங்கிறது அதுக்கு தெரியாது. இன்னொரு லைட்டு மேல மெயின்டனன்ஸ் அட்டை ஒண்ணு தொங்கி மறைச்சுக்கினு இருந்துச்சாம், அங்கயும் சீட்டு பாருங்க! பிற்பாடு விசாரிக்கப் போனவங்கள்ல நார்மனும் ஒருத்தர். ஆபரேட்டர் மேல பழி போடறது ஈசி, அந்த ரூமை அமைச்ச விதமே தப்பு பண்ண வைக்கிற மாதிரி இருந்துச்சுங்கறது அவர் கட்சி.

நம்ம லாட்ஜு கவுன்டரும் அதே கதைதான், என்ன இங்க உலை கிடையாது, கஸ்டமர்தான் சூடாவான். ஹவுரா ட்ரெயின் காட்பாடில வந்து நின்னா கொஞ்ச நேரத்துல சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வர்ற பேஷன்ட்டும் அட்டென்டருமா ஆட்டோ ஆட்டோவா வந்து இறங்குவாங்க, கவுன்டர்ல ஒரே பையன், நெட் ஸ்லோ. சேவ் அழுத்தறான், ஸ்க்ரீன் அசையவே இல்ல. எதிர்ல ஒரு வயசானவரு நிக்க முடியாம சுவத்துல சாஞ்சுக்கினு இருக்காரு. பையன் இன்னா பண்ணுவான், மறுபடி அழுத்துவான். யாரா இருந்தாலும் அழுத்துவாங்க. 0.1 செகண்டுல பதில் வந்தா கையோட வந்த மாதிரி இருக்கும், 1 செகண்டு வரைக்கும் நினைப்பு அறுந்து போகாது, 10 செகண்டு தாண்டினா ஆளு வேற வேலைக்கு போயிடுவான்னு ஸ்க்ரீன் ஆளுங்களுக்கு எவ்ளோ சுலபமா இருக்குன்னு ஆராய்ச்சி பண்ற ஜேகப் நீல்சன் ஒரு கணக்கு சொல்லியிருக்கார். நெட்டை நம்மால வேகமாக்க முடியாது. அதனால அழுத்தின உடனே பட்டன் சாம்பல் கலர் ஆகி "சேவ் ஆகுது"ன்னு காட்டும், ரெண்டாவது தடவை அழுத்தினா எடுத்துக்காது, சர்வர்ல ஏறின பிறகு மட்டும் பில் நம்பர் பெருசா பச்சையா வரும். அதுக்கு முன்னாடி பச்சையே காட்டக் கூடாதுன்னு நான் புடிவாதமா இருந்தேன்.

அதே லாட்ஜுல பங்களாதேஷ்ல இருந்து வர்றவங்களுக்கு அப்போ 24 மணி நேரத்துக்குள்ள சி ஃபார்ம், அதாவது வெளிநாட்டுக்காரங்க தங்கற விவரம், அரசாங்கத்துக்கு ஏத்த வேண்டியிருந்துச்சு. இடது கைல பாஸ்போர்ட்டை விரிச்சு கட்டை விரலால அமுக்கிக்கினு ஒத்தைக் கைல டைப் அடிப்பான் பையன். பழைய ஸ்க்ரீன்ல முதல்ல பேரு, அப்புறம் விசா நம்பர், அதுக்கப்புறம் பொறந்த தேதி, மறுபடி பாஸ்போர்ட் நம்பர், பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டிக்கினே இருக்கணும். நாங்க பாஸ்போர்ட்டையே பக்கத்துல வச்சுக்கினு நம்பர், சர்நேம், கிவன் நேம்னு அது போற வரிசைலயே கட்டத்தை அடுக்கினோம், விசா பக்கத்துல இருக்கறது மொத்தமும் கீழ. இதுக்கு ஒரு புது டெக்னாலஜியும் வேணாம், ஆனா எனக்கு ரொம்ப புடிச்ச வேலை இதுதான்.

ஷூ கம்பெனி கதை வேற. ஸ்டிச்சிங் லைன் கடைசில டேப்லட் மாட்டி எத்தனை ஜோடி அப்பர் (ஷூவோட மேல் பாகம்) முடிஞ்சுதுன்னு போடச் சொன்னாங்க. எங்க ஆபீஸ் ஏசில பாத்தா ஸ்க்ரீன் சும்மா கும்முனு இருக்கு, வெள்ளைல இளஞ்சாம்பல் எழுத்து. அங்க ஜன்னல் பக்கம், மே மாசம், வேலூர் வெயிலைப் பத்தி நான் சொல்லணுமா, எழுத்தே இல்லாத மாதிரி இருக்கு. பின்னணிக்கும் எழுத்துக்கும் 4.5க்கு 1ங்கிற விகிதமாவது கான்ட்ராஸ்ட் இருக்கணும்னு வெப் ரூல் இருக்கு, நாங்க அதெல்லாம் பத்தாதுன்னு கருப்பாவே போட்டுட்டோம்.

எழுத்து சரியான பிறகும் என்ட்ரி தப்பா வந்துச்சு. போய் நின்னு பாத்தா அந்த அக்கா சுண்டு விரலால தொடறாங்க. ஏன்க்கான்னேன். "மத்த விரல்ல எல்லாம் சொல்யூஷன் காஞ்சு ஒட்டிக்கினு கீது சார், தொட்டா எடுக்க மாட்டுது." பசை காஞ்சு தோல் மேல ஒரு படலம் மாதிரி நிக்குது, டச் ஸ்க்ரீனுக்கு விரல் வந்ததே தெரியல. சுண்டு விரலை நீட்டணும்னா கையை சாய்க்கணும், சாய்ச்சா உள்ளங்கை ஸ்க்ரீன் வலது பக்கத்தை மறைக்குது, மொத்த எண்ணிக்கை காட்டற இடம் அதுதான். பால் ஃபிட்ஸ்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் 1954லயே சொன்னது, தொட வேண்டிய இடம் தூரமாவும் சின்னதாவும் இருந்தா நேரம் ஆகும்னு. ஆண்ட்ராய்டுல பட்டன் குறைஞ்சது 48 டிபி (ஸ்க்ரீன்ல அளவு சொல்ற யூனிட்) வைங்கன்றாங்க, சுமாரா 9 மில்லிமீட்டர் வரும்னு அவங்க கணக்கு. சுண்டு விரலுக்கு அது போதவே போதாது, நாங்க அதைப் போல ரெண்டு மடங்கு வச்சோம், மொத்தத்தை மேல இடது பக்கம் ஏத்தினோம்.

டெஸ்டிங் பத்தி ஒண்ணு சொல்லணும். அஞ்சு பேரை உக்கார வச்சு பாத்தாலே நூத்துக்கு 85 குறை தெரிஞ்சுடும்னு நீல்சன் சொன்னது எல்லாருக்கும் தெரியும், மனசுல ஓடறதை வாய் விட்டு சொல்லிக்கினே செய்யச் சொல்லணும்ங்கறதும் தெரியும். நம்ம ஊர்ல அது சுலபத்துல நடக்காது. பின்னாடி சூப்பர்வைசர் நிக்கறாரு, பக்கத்துல பேன்ட் சட்டை போட்டுக்கினு நான், எப்படி இருக்குதுன்னு கேட்டா "நல்லாத்தான் கீது சார்", அவ்ளோதான். அதனால நான் இப்போ கேக்கறதே இல்ல. புதுசா சேர்ந்த பொண்ணுக்கு நீங்களே சொல்லிக் குடுங்கக்கான்னு அக்காகிட்ட சொல்லிட்டு தள்ளி ஸ்டூல்ல உக்காந்துக்குவேன். அப்போ வரும் பாருங்க உண்மை. "இதை நம்பாத, பின்னாடி போயிட்டு வந்து பாத்தாதான் ஏறிச்சான்னு தெரியும்." "இந்த பட்டனை தொடவே தொடாத, எதுக்குன்னு எனக்கே தெரியாது, எல்லாம் போயிடும்." இதை எந்த ஃபீட்பேக் ஃபார்ம்லயும் எழுத மாட்டாங்க.

லாட்ஜுல புது சாஃப்ட்வேர் போட்டப்ப எங்க ஆபீஸ்ல ஒரு சண்டை. பிரின்ட்டுக்குத்தான் பெருசா பட்டன் வச்சாச்சே, எஃப் 8 எதுக்கு, அதை வேற எதுக்காவது யூஸ் பண்ணலாம்னு ஒரு பையன் சொன்னான், ஸ்க்ரீனை மட்டும் பாத்தா அவன் சொல்றது சரிதான். ஆனா நைட் டூட்டி அண்ணன் கஸ்டமர் முகத்தைப் பாத்து பேசிக்கினே கீபோர்டைப் பாக்காம எஃப் 8 தட்டறவரு, வருசக்கணக்கா அந்த விரல் அங்கதான் போய் நிக்குது. பட்டனும் இருக்கட்டும், எஃப் 8ம் பிரின்ட்டாவே இருக்கட்டும்னு முடிவாச்சு. பழைய சீட்டை கிழிக்கலாமான்னு கேட்டதுக்கு அந்த அண்ணன் "அது பாட்டுக்கு இருக்கட்டும் விடுபா, புதுப் பையனுக்கு ஆவும்"ன்னாரு.