அத்தையின் லேமினேட்டரில் வெலிங்டன் பிரபு

லண்டன் ஈஸ்ட்ஹாம் மாமா வீட்டில் சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. அத்தை இருபது பவுண்டுக்கு ஒரு லேமினேட்டர் வாங்கினதுதான் ஆரம்பம். முதலில் குப்பை வண்டி வரும் நாள்கள் போட்ட தாள். அடுத்து பாய்லர் கேரண்டி, மாத்திரை அட்டவணை, பேரன் வரைந்த யானை (பன்றியாகவும் இருக்கலாம்). இதற்குள் மெஷின் நன்றாகச் சூடேறிவிட்டது. சூடான தோசைக்கல்லைச் சும்மா விட அத்தைக்கு மனசு வருமா? மாமாவின் டிராயரைத் திறந்தார். பழுப்பேறிய தாள் ஒன்று, நான்காய் மடித்து, பின்னால் சிவப்பாய் ஏதோ ஒட்டிக்கொண்டு கிடந்தது. விரித்து, ஏ4 கவருக்குள் வைத்து, உள்ளே விட்டுவிட்டார்.

அது வெலிங்டன் பிரபு கையெழுத்துப் போட்டு, தாளையே மடித்து அரக்கு ஒட்டிய தபால் உறை. ஜூன் 1836. மாமா நாற்பது பவுண்டு கொடுத்து வாங்கியது.

வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவரின் கையெழுத்து நாற்பது பவுண்டா என்று வாயைப் பிளக்க வேண்டாம். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் பிரபுக்களுக்கும் தபால் இலவசம், உறை மேல் கையெழுத்துப் போட்டால் போதும். சும்மா விடுவார்களா நம்ம ஆட்கள்? சொந்தக்காரன், சிநேகிதன், அவன் மச்சினன் எல்லோருக்கும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அதனால் 1784-ல் கட்டுப்பாடு வந்தது. முகவரி முழுவதையும் உறுப்பினரே தன் கையால் எழுத வேண்டும், ஊரும் தேதியும் போட வேண்டும், தேதியை எண்ணில் போடாமல் எழுத்தில் எழுத வேண்டும். இடது கீழ் மூலையில் கையெழுத்து. லண்டன் தபால் நிலையம் கிரீடம் போட்ட சிவப்பு முத்திரையை அதன் மேல் குத்தும். 1840 ஜனவரியில் இந்தச் சலுகையே ஒழிந்தது. அதுவரை எழுதித் தள்ளியவை இன்றும் ஏராளமாகக் கிடைப்பதால்தான் விலை மலிவு. கடிதமே வேண்டுமென்றால் இன்னொரு கண்ணி உண்டு. 'வெலிங்டன் பிரபு தம் வணக்கத்தைத் தெரிவிக்கிறார்' என்று தன்னையே மூன்றாம் மனிதராக வைத்து எழுதும் வழக்கம் அவருக்கு. அவர் கைப்பட எழுதியதுதான், ஆனால் அடியில் கையெழுத்து இருக்காது. உறையில் கையெழுத்தும் உண்டு, அவர் கைப்பட எழுதிய நாலு வரியும் உண்டு. புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

அதைத்தான் அத்தை பொரித்து எடுத்துவிட்டார்.

லேமினேட்டிங் கவரின் வெளிப்பக்கம் பாலியஸ்டர், உள்பக்கம் சூட்டில் உருகும் பசை. நூறு டிகிரிக்கு மேல் சூடான உருளைகள் அந்தப் பசையைக் காகித நாருக்குள்ளேயே அழுத்தி இறக்கிவிடும். மறுபடி பிரிப்பது வீட்டில் நடக்கிற காரியமில்லை. மாமா ராத்திரி யூடியூப் பார்த்து, ஃப்ரீசரில் வைக்கலாம், ஹேர் டிரையர் காட்டலாம் என்று கிளம்பினார். இரண்டுமே தாளின் மேல்தோலை உரித்துவிடும், கையெழுத்து பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். காகிதப் பாதுகாப்பு நிபுணர்கள் கரைப்பான் வைத்துப் பொறுமையாக முயல்வார்கள். அதிலும் சிவப்பு முத்திரை கரைந்து ஓடும் அபாயம் உண்டு, கூலி நாற்பது பவுண்டைத் தாண்டி எங்கேயோ நிற்கும். பின்பக்கத்து அரக்கு வேறு அந்தச் சூட்டில் உருகி, நசுங்கி, உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தது.

"குங்குமம் வச்ச மாதிரி மங்களகரமாத்தானே இருக்கு?" என்றார் அத்தை. அதற்குப் பிறகுதான் பேச்சுவார்த்தை நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஆறுதல் சொல்லப் போனவர்களிடம் மாமா நடைபாதைச் சுவரைக் காட்டினார். "போகட்டும். நெல்சனாவது இருக்காரே." சந்தையில் நூற்றெண்பது பவுண்டுக்கு வாங்கி, ஃபிரேம் போட்டு, வருகிறவர்களையெல்லாம் செருப்பைக் கழற்றவிட்டுக் காட்டுகிற கடிதம், பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் எழுதியதாம். அக்டோபர் 1803. தங்க ஸ்டிக்கர் ஒட்டிய உத்தரவாதச் சான்றிதழ் உண்டு. சான்றிதழ் கொடுத்தது யார்? விற்ற ஆளேதான். மாப்பிள்ளைக்கு மாப்பிள்ளையே நற்சாட்சி சொல்வது மாதிரி.

ஃபிரேமைக் கழற்றினோம். கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யக் கூடாது.

முதலில் புற ஊதா டார்ச். 1950-க்குப் பிந்திய தாள் பெரும்பாலும் வெளுப்பூட்டி கலந்தது, வேட்டிக்கு நீலம் போட்ட மாதிரி பளீரென்று ஒளிரும். இது ஒளிரவில்லை. மாமாவின் முகம்தான் ஒளிர்ந்தது. ஆனால் இந்தச் சோதனையில் தேறுவது பெரிய விஷயமில்லை. போலி செய்கிறவர்கள் பழைய கணக்குப் புத்தகங்களின் எழுதாத கடைசிப் பக்கங்களைத்தான் கிழித்து எடுப்பார்கள்.

அடுத்து பத்து மடங்கு லென்ஸ். அந்தக் காலத்து மை வேறொன்றுமில்லை, மாசிக்காய், அன்னபேதி, கருவேலம் பிசின். குழந்தைக்கு உரை மருந்து உரசிக் கொடுக்கிற அதே மாசிக்காய். எழுதும்போது வெளிறி இருக்கும், காற்றுப்பட்டுக் கறுக்கும், வருஷங்கள் போகப் போகப் பழுப்பாகித் தாளையே அரிக்கும். மடிப்புக் கோட்டின் குறுக்கே எழுத்து போகும் இடத்தைப் பார்க்க வேண்டும். எழுதிய பிறகு மடித்திருந்தால் மை மடிப்பில் விரிசல் விடும். மடித்து நைந்த பழைய தாளில் புதிதாக எழுதினால் மை மடிப்புக்குள் இறங்கிக் கசியும். மை ஊறாமலிருக்கப் பூசிய பசை போய்விட்ட தாள் உறிஞ்சிக்கொள்ளும். மாமாவின் கடிதத்தில் ஒவ்வொரு மடிப்பிலும் சாம்பார் கொட்டின மாதிரி கசிவு.

"கடல் காத்துல ஈரமாயிருக்கும்" என்றார் மாமா.

எழுத்தைப் பார்த்தால் வலப்பக்கம் சாய்ந்து அழகாக ஓடுகிறது. நெல்சன் 1797 ஜூலையில் டெனரீஃப் சண்டையில் வலது கையை இழந்தவர். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் இடது கை, நெட்டுக்குத்தலாக, முள் முள்ளாக. போதாக்குறைக்கு அடியில் 'ஹொரேஷியோ நெல்சன்' என்று முழுப்பெயர். 1803-ல் அவர் பிரபு. 'நெல்சன் & ப்ரான்டே' என்று பட்டப் பெயர்களைத்தான் போடுவார்.

இந்த ஆட்களுக்குப் பதவி ஏற ஏறக் கையெழுத்தும் மாறும். நெப்போலியன் 1796 வரை 'புவோனபார்த்தே', அப்புறம் 'போனபார்ட்', 1804-ல் பேரரசரானதும் 'நெப்போலியன்'. பிறகு அதற்கும் நேரமில்லாமல் 'நெப்', கடைசியில் வெறும் 'என்'. கடிதத்தை எழுதுவதெல்லாம் செயலர்கள், இவர் அடியில் கிறுக்குவதோடு சரி. படை அதிகாரி நியமனப் பத்திரங்கள் பலவற்றில் அந்தக் கிறுக்கலையும் செயலரே போட்டிருப்பார். தேதிக்குப் பொருந்தாத கையெழுத்தைக் கண்டால் பர்ஸை மூடிவிட வேண்டும்.

கடைசியாகத் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தோம். 1794-க்குப் பிறகு ஆங்கிலக் காகித ஆலைகள் வரிச்சலுகைக்காக தாளுக்குள்ளேயே பதியும் நீர்க்குறியில் ஆண்டைப் போட ஆரம்பித்தன. மேல் பாதியில் ஆலையின் பெயர், அடியில் தெளிவாக 1808. நெல்சன் செத்தது 1805.

மாமா சோபாவில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் தேற்ற, மிஷெல் ஷால் என்பவர் ஏமாந்த கதையைச் சொன்னோம். அவர் பிரெஞ்சு அறிவியல் அகாதெமி உறுப்பினர், பெரிய வடிவியல் மேதை. 1860-களில் வ்ரான் லூக்கா என்ற ஆளிடம் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட போலிக் கடிதங்களை வாங்கினார். அதில் மகா அலெக்சாந்தர் அரிஸ்டாட்டிலுக்கு எழுதியதும் உண்டு, கிளியோபாட்ரா சீசருக்கு எழுதியதும் உண்டு. எல்லாமே காகிதத்தில், எல்லாமே பிரெஞ்சு மொழியில். 1870-ல் லூக்காவுக்கு இரண்டு வருஷம் சிறை. "அந்த மேதையே ஏமாந்திருக்கார் மாமா, உங்களது இங்கிலீஷாவது சரியான பாஷை" என்றோம். ஆறுதல் எடுபடவில்லை.

உண்மையான தாளை எப்படி வைக்க வேண்டும் என்று அத்தையிடம் பொதுவாக ஒரு பிரசங்கம் நடந்தது. பாலியஸ்டர் உறை, ஒட்டாமல் ஓரம் மட்டும் மூடியது. பிவிசி ஆகாது. அமிலமில்லாத அட்டை. செல்லோடேப் கிட்டேயே வரக் கூடாது. வெயில் படாத, ஈரமில்லாத இடம். அத்தை கேட்டுக்கொண்டே மாடிக்குப் போய் ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவந்து மாமா முன்னால் வைத்தார்.

உள்ளே துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய வேட்டித் துணி. மூலையில் இரண்டு துண்டு வசம்பு. துணிக்குள் ஏரோகிராம்கள், 1983-லிருந்து 85 வரை மாமா லண்டனிலிருந்து கும்பகோணத்துக்கு எழுதியவை. பால்பாயிண்ட் நீலம் கொஞ்சமும் மங்கவில்லை. முதல் கடிதத்தின் அடியில் இனிஷியல், பட்டம் எல்லாம் சேர்த்து முழுக் கையெழுத்து. கடைசிக் கடிதத்தில் வெறும் 'ரா'.

மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு நாள் கழித்து முதல் வார்த்தை பேசினார்.

"இதை மட்டும் ஏம்மா மெஷின்ல விடல?"

"இதையா?" என்றார் அத்தை. "கருகிப் போச்சுன்னா என்னங்க பண்றது?"