டிஆர் வேகம் குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள்: எம்.டி. பொது மருத்துவம், இரண்டாவது முயற்சி

வியாழக்கிழமை சாயங்காலம் ரிசல்ட் வந்தது. பாஸ். தண்டையார்பேட்டை வீட்டில் அம்மா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார். போன தடவை தியரியில் நல்ல மார்க். லாங் கேஸில்தான் (ஒரு நோயாளியை முழுதாகப் பரிசோதித்துத் தேர்வாளரிடம் விளக்கும் பகுதி) போனது. ஒரே ஒரு பதிலால் போனது என்று இன்றும் நம்புகிறேன். அதனால் அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

இதயச் செயலிழப்பு நோயாளி. கையில் இரண்டு எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட். மூன்று மாதத்துக்கு முன்பு டிஆர் ஜெட் வேகம் (வலது கீழறையிலிருந்து மேலறைக்குப் பின்னோக்கிக் கசியும் ரத்தத்தின் வேகம், நுரையீரல் அழுத்தத்தைக் கணக்கிட உதவுவது) வினாடிக்கு 3.5 மீட்டர், இப்போது 2.9. "நுரையீரல் அழுத்தம் இறங்கியிருக்கிறது சார், மருந்து கேட்கிறது" என்றேன். "அப்போ கால் ஏன் இப்படி வீங்கியிருக்கு?" என்றார் தேர்வாளர். என்னிடம் பதில் இல்லை.

பதில் அதே ரிப்போர்ட்டில், இரண்டு வரி கீழே இருந்தது. டாப்ஸி (வலது கீழறை சுருங்கும்போது அதன் வால்வு வளையம் நகரும் தூரம், அந்த அறையின் தெம்பைக் காட்டுவது) 16 மி.மீ.யிலிருந்து 10-க்கு வந்திருந்தது. வலது கீழறையின் சுவர் மெல்லியது. ரத்தம் அதிகமாக வந்தால் சமாளிக்கும், எதிர் அழுத்தம் ஏறினால் தாங்காது. அது தளர்ந்துவிட்டால் அழுத்தத்தை உண்டாக்கவே தெம்பிருக்காது. அதனால்தான் வேகம் குறைந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வேகத்தின் வர்க்கத்தை நாலால் பெருக்கி, வலது மேலறை அழுத்தத்தைக் கூட்டினால் நுரையீரல் அழுத்தம். டாப்ஸியை அதால் வகுங்கள்:

முன்பு: 49 + 8 = 57. 16/57 = 0.28.
இப்போது: 34 + 15 = 49. 10/49 = 0.20.

அழுத்தம் எட்டு குறைந்திருக்கிறது, நோயாளியோ மோசமாகியிருக்கிறார். இந்த விகிதம் 0.36-க்குக் கீழே போனால் ஆபத்து அதிகம் என்று 2013-இல் குவாட்ஸி குழுவினர் எழுதினார்கள். அழுத்தத்தைத் தனியாகச் சொல்லவே சொல்லாதீர்கள், டாப்ஸியோடு சேர்த்தே சொல்லுங்கள். நான் பீரோ கதவில் எழுதி ஒட்டியிருந்தேன்.

இந்த முறை வந்தது காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா. "குனிஞ்சு கூடையத் தூக்கினா மூச்சு அடைக்குது டாக்டரம்மா" என்றார். நாற்காலியில் உட்காரவைத்து, பாதத்தைத் தொடும்படி குனியச் சொன்னேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை, நிமிர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். காது மடலுக்குக் கீழே கழுத்து நரம்பு (சிரை) துடித்தது. இரண்டுமே இதயச் செயலிழப்பின் அடையாளம். எக்கோவைப் பார்க்கும் முன்பே பாதி கேஸ் கைக்கு வந்துவிட்டது.

மற்றவை:

- குரூப் ஸ்டடி வேண்டாம். தனியாக, சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நான் மொட்டை மாடியில் நடந்துகொண்டே படித்தேன்.
- நுரையீரல் ரத்த அழுத்த நோய்க்கு 2022 ஐரோப்பிய வழிகாட்டுதல் எண்கள்: சராசரி நுரையீரல் அழுத்தம் 20-க்கு மேல், பிவிஆர் (நுரையீரல் ரத்தக்குழாய்களின் எதிர்ப்பு) 2-க்கு மேல். பழைய 25-ஐயும் 3-ஐயும் உளறாதீர்கள்.
- கேத் (இதயத்துக்குள் குழாய் விட்டு அழுத்தம் அளப்பது) கணக்கு கட்டாயம் வரும். சராசரி 38, வெட்ஜ் (இடது மேலறை அழுத்தத்தைக் காட்டும் அளவு) 24, கார்டியாக் அவுட்புட் (இதயம் நிமிடத்துக்குத் தள்ளும் ரத்தம்) 3.5 லிட்டர் என்றால், 38-இல் 24-ஐக் கழித்து 3.5-ஆல் வகுக்க, பிவிஆர் 4. வெட்ஜும் 15-க்கு மேல், பிவிஆரும் 2-க்கு மேல். ஆக இடது பக்கத்துச் சுமை மட்டுமில்லை, நுரையீரல் ரத்தக்குழாயும் மாறியிருக்கிறது.
- "சில்டெனாஃபில் கொடுக்கலாமா?" என்று ஆசை காட்டுவார்கள். இடது இதய நோயால் வந்த அழுத்தத்துக்கு அதை வழக்கமாகக் கொடுப்பதில்லை. முதலில் நீரை வடியுங்கள், இடது பக்கத்தைச் சரிசெய்யுங்கள்.
- கழுத்து நரம்பு சரியாகத் தெரியவில்லையா? வயிற்றைப் பத்து நொடியாவது அழுத்திப் பிடியுங்கள், நரம்பு எழும்புகிறதா என்று தெரியும். கையை வெதுவெதுப்பாக்கிக்கொண்டு, சொல்லிவிட்டு அழுத்துங்கள். வீங்கிய ஈரல் வலிக்கும்.
- எக்கோவில் ஐவிசி (கீழ் உடலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய சிரை) 2.1 செ.மீ.க்கு மேல், மூச்சை உறிஞ்சியும் பாதிகூடச் சுருங்கவில்லை என்றால் வலது மேலறை அழுத்தமாக 15 கூட்டுங்கள், 3 இல்லை.